இறக்கிவைத்துவிட்டுத் திரும்பி வந்தவர்



இந்த வாரம் உங்களை ஒரு பனிமலைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

1846-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்து டோனர், ரீட் குடும்பத்தார் மாட்டுவண்டிகளில் கலிபோர்னியாவை நோக்கிப் புறப்பட்டார்கள். வழியில் வேறு பல குடும்பங்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டன. பயணதூரம் குறையும் என்று சொல்லப்பட்ட ஒரு புதிய குறுக்குவழியை நம்பி, பழகிய பாதையை விட்டு விலகினார்கள். மலைக்காடுகளையும் உப்புப் பாலைவனத்தையும் கடந்து சென்ற அந்த வழியோ தூரத்தைக் கூட்டியது. மாடுகள் மடிந்தன; விலையேறப்பெற்ற நாட்கள் வீணாயின.

அவர்கள் கடக்கவேண்டியிருந்த கடைசித் தடை சியரா நெவாடா மலைத்தொடர். பசிபிக் கடலின் ஈரக்காற்று அம்மலைகளில் மோதி மேலெழுந்து, குளிர்ந்து, பெரும்பனியாகக் கொட்டும். அவ்வாண்டு பனி முன்னதாகவே வந்துவிட்டது. கணவாயின் அடிவாரத்தை அவர்கள் அடைந்தபோது வழி அடைபட்டிருந்தது. 81 பேர் அங்கே சிக்கிக்கொண்டார்கள். அவ்விடத்தில் இன்று நிற்கும் நினைவுச்சின்னத்தின் பீடம் 22 அடி உயரமானது. அவ்வாண்டின் பனி அவ்வளவு ஆழம் என்பதைக் காட்டவே அப்படிக் கட்டினார்கள். மாட்டுத்தோலை வேகவைத்து உண்டார்கள், அதுவும் தீர்ந்தது. பசி அவர்களை எந்த எல்லைவரை தள்ளியது என்பதைக் குறித்துத் தீர்ப்புச்சொல்ல நாம் துணியோம். அந்நாட்களில் பேட்ரிக் பிரீன் என்பவர் எழுதிய நாட்குறிப்பில் பனியைப்பற்றிய செய்தியும் ஜெபமும் அருகருகே காணப்படுகின்றன.

1847 பிப்ரவரி முதல் மீட்புக்குழுக்கள் மலையேறின. இரண்டாம் குழு, பிரீன் குடும்பத்தார் உட்பட 17 பேரை அழைத்துக்கொண்டு இறங்கும்போது, மார்ச் முதல் வாரத்தில் பெரும் பனிப்புயல் தாக்கியது. நடக்க இயலாத 14 பேரை நெருப்பண்டையில் விட்டுவிட்டு மற்றவர்கள் உதவி தேடிச் சென்றார்கள். நெருப்பு பனியை உருக்கிக்கொண்டே கீழே இறங்கியது. அந்த ஆழமான குழிக்குள் அவர்கள் காத்திருந்தார்கள். மூவர் மரித்தார்கள்.

மூன்றாம் குழுவைச் சேர்ந்த மூவர் அங்கே வந்தபோது 11 பேர் உயிரோடிருந்தார்கள். அவர்களில் ஒன்பதுபேர் பிள்ளைகள். எல்லாரையும் கொண்டுபோக முடியாது என்ற எண்ணம் எழுந்தது. அது அன்பற்ற கணக்கு என்று எளிதில் சொல்லிவிட முடியாது. அடுத்த புயல் வந்தால் மீட்க வந்தவர்களும் மடிவார்கள். ஒருவர் ஒரு சிறுமியையும், மற்றொருவர் ஒரு கைக்குழந்தையையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். ஜான் ஸ்டார்க் என்பவரோ ஒருவரையும் விட்டுச்செல்ல மறுத்தார். மீந்திருந்த ஒன்பதுபேருடன் அவர் ஒருவரே நின்றார்.

அவர் செய்தது என்ன? இரண்டு பிள்ளைகளைச் சுமந்து சிறிது தூரம் செல்வார், பனியின்மேல் இறக்கிவைப்பார், திரும்பிவந்து மற்றவர்களைத் தூக்கிச் செல்வார். மீண்டும் அதையே செய்வார். போர்வைகளையும் உணவையும் அவரே சுமந்தார். ஒன்பதுபேரும் உயிரோடு பள்ளத்தாக்கை அடைந்தார்கள். அவர்களில் ஒருவனாகிய சிறுவன் ஜேம்ஸ் பிரீன் பிற்காலத்தில் நீதிபதியானார். தம் உயிருக்கு ஸ்டார்க்கின் பலத்திற்கும் துணிவுக்கும் கடன்பட்டிருப்பதாக அவர் சாட்சியிட்டார்.

பிரியமானவர்களே, காணாமற்போன ஆட்டைத் தோளின்மேல் சுமந்துவந்த மேய்ப்பனின் உவமையை நாம் அறிவோம். ஸ்டார்க்கிற்கோ ஒரே தோளில் ஒன்பது உயிர்கள். ஒன்பதுபேரையும் ஒரேமுறையில் சுமக்க அவராலும் முடியாது. சில அடிகள் சுமப்பதும், திரும்பி வருவதுமே அவர் கண்ட வழி. உங்கள் வீட்டில் நெடுநாள் நோயாளி இருக்கலாம். திரும்பத் திரும்பத் தவறும் பிள்ளை இருக்கலாம். முழுப் பாரத்தையும் இன்றே சுமக்க முடியவில்லை என்று சோர்ந்துபோகாதிருங்கள். இன்றைக்கான சில அடிகளைச் சுமந்து செல்லுங்கள். இறக்கிவைத்தபின் திரும்பி வர மறவாதிருங்கள்.

நம்மைச் சுமக்கிற தேவன் அதற்கான பெலனை உங்களுக்கு அருளுவாராக. ஆமென்.