கியூபெக் இழந்த அணியும் டாலர் மதிப்பும்

1995இல் கியூபெக் நகரின் நோர்டிக்ஸ் பனி ஹாக்கி அணி அமெரிக்காவின் டென்வருக்குப் பெயர்ந்தது. மறு ஆண்டே, கொலராடோ அவலாஞ்ச் என்னும் பெயரில், ஸ்டான்லி கோப்பையை வென்றது. 1996இல் வின்னிபெக் ஜெட்ஸும் ஃபீனிக்ஸ் சென்றது. இரசிகர் ஆர்வக் குறைவைக் காரணமாக்குவது பொருந்தாது. வருவாய் கனடிய டாலரில் வந்தது. வீரர் ஊதியமோ அமெரிக்க டாலரில். கனடிய டாலரின் மதிப்பு அன்று ஏறத்தாழ 73 அமெரிக்க சென்ட்.

2011இல் அட்லாண்டா அணி வின்னிபெக்கிற்கு வந்தபோது இரு நாணயங்களும் ஏறக்குறையச் சமநிலையில் இருந்தன. புதிய அரங்கும் செல்வந்த உரிமையாளரும் துணைநின்றது உண்மையே. ஆயினும் நாணயப் பொருத்தத்தைத் தற்செயல் என ஒதுக்க இயலாது. கியூபெக் பொதுப்பணத்தில் 18,000க்கும் மேற்பட்ட இருக்கைகளுடன் அரங்கு எழுப்பி 2015இல் திறந்தது. அதற்குள் கனடிய டாலர் மீண்டும் சரிந்திருந்தது. 2016இல் தேசிய ஹாக்கி லீக் லாஸ் வேகாஸுக்கு அணி வழங்கி, கியூபெக்கின் விண்ணப்பத்தைத் தள்ளிவைத்தது. இன்று அவ்வரங்கில் ஆடுவது ரம்பார்ஸ் என்னும் இளையோர் அணி.