வழி விலகுதல்



ஒரு சொல்லின் வரலாறு சில வேளைகளில் ஓர் அரச மரபின் வரலாற்றினும் சுவை மிகுந்தது. 'டீவியேட்' என்னும் ஆங்கில வினைச்சொல்லை இன்று ஆராய்வோம். இலத்தீன் மொழியில் 'வியா' என்றால் வழி. 'டீ' என்னும் முன்னொட்டு நீங்குதலைக் குறிக்கும். எனவே வழியினின்றும் நீங்குதல் என்பதே இதன் நேர்ப்பொருள். நம் 'நெறி' என்னும் சொல்லும் நடக்கும் பாதையையும் ஒழுக்கத்தையும் ஒருங்கே குறிப்பதன்றோ? அவ்வாறே ஆங்கிலச் சொல்லும் காலினின்று கருத்துக்கு ஏறியது.

இச்சொல்லின் பொருள் மிகக் கூர்மையாக விளங்கியது கடலில்தான். மரக்கலங்கள் இரும்புக் கலங்களாக மாறியபோது, கப்பலின் இரும்பே திசைகாட்டியின் முள்ளைப் பிறழச் செய்தது. இப்பிறழ்ச்சிக்கு 'டீவியேஷன்' என்று பெயரிட்டனர். மாத்யூ ஃபிளிண்டர்ஸ் என்னும் மாலுமி ஆஸ்திரேலியக் கரையை அளந்த 1801 முதல் 1803 வரையான பயணத்தில் இதனை நுணுகி ஆராய்ந்தார். 1838-இல் ஏரி என்னும் வானநூலறிஞர், 'ரெயின்போ' என்ற இரும்புக் கப்பலில் காந்தங்களையும் தேனிரும்பையும் வைத்து இதனைத் திருத்தும் முறையைக் கண்டார். ஆயினும் இடர் முற்றும் ஒழியவில்லை. 1854 சனவரியில், லிவர்ப்பூலிலிருந்து மெல்போர்னுக்குத் தன் முதற்பயணம் புறப்பட்ட 'டெய்லர்' என்னும் இரும்புக் கப்பல், தெற்கே செல்வதாக எண்ணிக்கொண்டே மேற்கே சென்று, டப்ளினுக்கு அருகிலுள்ள லாம்பே தீவின் பாறைகளில் மோதிற்று. முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கப்பலின் திசைகாட்டிகள் ஒன்றோடொன்று ஒத்திருக்கவில்லை.

இது அறியாது விலகிய வழி. அறிந்தே விலகினால் என்ன ஆகும்? இங்கேதான் சட்டம் நுழைகிறது. 1906-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் கடற்காப்பீட்டுச் சட்டம், தக்க காரணமின்றி வழி விலகிய கப்பலுக்கு, விலகிய அக்கணம் முதல் காப்பீட்டாளர் பொறுப்பாகார் என்கிறது. கப்பல் மீண்டும் தன் வழிக்குத் திரும்பிய பின்னரே சேதமடைந்தாலும் பொறுப்பு மீளாது. கடுமையான விதிதான். காப்பீட்டாளர் ஒப்புக்கொண்டது ஒரு வழியின் ஆபத்தை. வேறொரு வழியின் ஆபத்தை அன்று.

அப்படியாயின், நடுக்கடலில் மூழ்குவோரைக் கண்ட தலைவன் என் செய்வான்? 1880-இல் முடிவான ஒரு வழக்கு இதற்கு விடை தந்தது. கோதுமை ஏற்றிச் சென்ற 'ஒலிம்பியாஸ்' என்னும் கப்பல், பழுதுற்ற 'ஏரியன்' என்னும் கப்பலை 1,000 பவுன் கூலிக்கு இழுத்துச் செல்ல உடன்பட்டு, வழியில் மணல்மேட்டில் தட்டிச் சரக்கோடு அழிந்தது. பழுதுற்ற கப்பலில் இருந்தோரை இழுக்காமலே காப்பாற்றியிருக்கலாம். உயிரைக் காக்க விலகுதல் நியாயம். பொருளைக் காக்க மட்டும் விலகுதல் நியாயமன்று என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரக்குக்குக் கப்பல் உரிமையாளரே ஈடு செய்ய நேர்ந்தது. உயிர் காக்க விலகுதலுக்கு 1906-ஆம் ஆண்டுச் சட்டமும் விலக்களித்தது. சரக்கேற்றுதல் பற்றி 1924-இல் உருவான ஹேக் விதிகள் பொருளைக் காக்க விலகுவதையும் மன்னித்தன.

இச்சொல் கணிதத்தையும் விடவில்லை. கார்ல் பியர்சன் 1893-இல் வழங்கிய தொடரையே நாம் 'திட்ட விலக்கம்' எனப் பயில்கிறோம். சராசரியினின்றும் எண்கள் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதை அது அளக்கும்; அவ்விலகலில் பழியில்லை. ஆனால் ஒழுக்கத்தைப் பேசும்போது அதே சொல் குற்றச்சாட்டாகிவிடுகிறது.

ஆசிரியனாக நான் இச்சொல்லை விளக்கும்போதெல்லாம் வலியுறுத்துவது ஒன்றுண்டு. ஒருவன் வழி விலகினான் என்று கேட்டவுடனே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். முள் பிறழ்ந்ததா, கூலிக்காக விலகினானா, உயிர் காக்க விலகினானா என்று கேளுங்கள். கடல் வணிகரின் சட்டமே இவ்வேற்றுமையைப் பொறுமையோடு ஆராய்ந்தது. மனிதரை எடைபோடும் நாமும் அவ்வளவேனும் ஆராய வேண்டாமா?