மண்ணுள் மறைந்த இருப்புப் பாதை

நானுஓயாவினின்றும் நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஒருகாலத்திற் புகையிரதம் ஓடிற்று என்று கூறின், இன்றைய மாணவர் பலர் வியப்புறுவர். தண்டவாளங்களுக்கிடையே இரண்டரை அடி அகலமே கொண்ட அவ்வொடுங்கிய பாதை 1903இல் திறக்கப்பெற்று, 1904இல் இராகலையை எட்டியது. ஆறாயிரம் அடி உயர்ந்த மலைச்சாரலிலே, தேயிலைத் தோட்டங்களினூடே, ஏறத்தாழ 19 மைல் தூரம் அது வளைந்து சென்றது. வீதிப் போக்குவரத்துப் பெருகவே வருவாய் குன்றி, 1940களில் மூடப்பட்டது, தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டன.

இத்தகைய பாதையிலே, விடுபட்ட தண்டவாளத் துண்டோ பாலத்தின் இரும்புச் சட்டமோ மண்ணுட் புதைந்து கிடப்பின், நிலத்தை அகழாது அதனை அறிதல் கூடுமோ? கூடும். கம்பிச் சுருளொன்றில் ஆடலோட்டத்தைச் செலுத்தின் காந்தப் புலம் எழும். அப்புலம் மண்ணிலுள்ள உலோகத்திலே சுழல் மின்னோட்டத்தைப் பிறப்பிக்கும். அதனால் விளையும் மாற்றத்தை மற்றொரு சுருள் உணர்ந்து ஒலியாகத் தரும். உலோகங் காணுங் கருவியின் தத்துவம் இதுவே.

1881இல் அமெரிக்க சனாதிபதி காபீல்டு சுடப்பட்டபோது, அவருடலிற் புதைந்த குண்டைக் காண அலெக்சாந்தர் கிரகாம் பெல் இவ்வகைக் கருவியொன்றைப் பயன்படுத்தினார். மெத்தையின் உருக்குச் சுருள்கள் இடையூறு செய்தன, குண்டு அகப்படவில்லை. தேடும் பொருளை விடுத்து அயலிலுள்ள உலோகத்திற்குக் கருவி மறுமொழி கூறும் இடரை அந்நிகழ்ச்சி நன்கு உணர்த்துகின்றது.

பெரும் பொருள்களைத் தேடுவோர் இவ்விடரைக் குறைக்க இரட்டைப் பெட்டிக் கருவியைக் கையாளுவர். கோலொன்றின் ஒரு முனையிற் செலுத்துங் கருவியும், மறுமுனையில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வாங்குங் கருவியும் அமைந்திருக்கும். ஆணி, நாணயம் போன்ற சிறு பொருள்களை அது பொருட்படுத்தாது. ஆழத்துள்ள பேருலோகத்தையே காட்டும். ஆயினும், இரும்பு ஒட்சைட்டுச் செறிந்த செம்மண் பொய்யொலி எழுப்புதலும் உண்டு. ஆதலின் நிலத்தைக் கட்டங்கட்டமாக வகுத்து, பழைய நிலப்படத்தோடு ஒப்பிட்டே முடிபு கூறல் வேண்டும்.

இனி, அகழும் உரிமை யாது? 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், அனுமதிப்பத்திரமின்றித் தொல்பொருள் தேடி அகழ்வதைத் தடை செய்தது. ஆனால் அது தொல்பொருளுக்கு வகுத்த கால எல்லை 1815 மார்ச்சு 2, அதாவது கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான நாள். கோப்பித் தோட்டங்களும், அவற்றை நாடிக் கடல் கடந்து வந்த தமிழ்த் தொழிலாளரும், தேயிலையும், இப்புகையிரதமும் அந்நாளுக்குப் பிற்பட்டனவே. மலையகத் தமிழரின் வரலாறு முழுவதும் அவ்வெல்லைக்கு அப்பாலே நின்றுவிட்டது.

கருவி “இங்கு இரும்பு உண்டு” என்னும். அவ்விரும்பின் மீது எவர் சென்றனர், எவர் கல்லுடைத்தனர் என்று கூறாது. அதனைக் கூறவல்லார் லயங்களில் வாழ்ந்த முதியோரே. பாதை மறைந்த அதே பத்தாண்டில், 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் இலட்சக்கணக்கானோர் தமிழகஞ் சென்றனர். அவர்தம் நினைவுகளும் அவரோடு சென்றன.

இரும்பு மண்ணுட் பல்லாண்டு கிடக்கும். நினைவு அங்ஙனம் கிடப்பதன்று. கந்தப்பளையிலும் இராகலையிலும் தம் பாட்டனார் கூறக் கேட்டவற்றை இன்னும் சொல்லவல்லார் இருப்பர். மாணவர்காள், கருவி கிடைக்குமளவும் காத்திராது, முதலில் அவர்களிடஞ் சென்று கேட்டு எழுதுமின்.