வாடகை மாடியில் எழுந்த இசை

இசையைத் தட்டில் பதியும் தொழில் பெருமுதலாளிகளின் தனியுரிமையாக இருந்த காலம் ஒன்றுண்டு. 1950-ம் ஆண்டுகளின் இங்கிலாந்தில் விசாலமான பதிவு மண்டபங்களும் விலையுயர்ந்த யந்திரங்களும் பெரும்பாலும் பெரிய கம்பெனிகளிடமே இருந்தன. பாடுவோர் யார், பாட்டு எது என்பவற்றையும் அவர்களே முடிவு செய்தனர். அவ்வேலியைத் தாண்டிய ஒருவரின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

ஜோ மீக் என்பார் 1929-ல் நியூவென்ட் என்னும் சிற்றூரில் பிறந்தவர். விமானப்படையில் ராடார் வேலை பழகியவர். வாத்தியம் வாசிக்கவோ சுரக்குறிப்பு எழுதவோ அறியார். மனத்தில் தோன்றிய மெட்டை வாயால் முனகி நாடாவில் பதிந்து, பிறரைக் கொண்டு எழுதுவிப்பார். 1960-ல் லண்டன் ஹாலோவே ரோடு 304-ம் எண்ணில், தோற்சாமான் கடையின் மேல்மாடிகளை வாடகைக்குப் பிடித்தார்.

பெரிய மண்டபத்தில் மைக்கை எட்ட வைத்தால் மண்டபத்தின் முழக்கமும் சேர்ந்து இனிமை தரும். சிற்றறைக்கு அவ்வசதி ஏது? ஆகவே மீக் மைக்கை வாத்தியத்தின் அருகிலேயே வைத்தார். எதிரொலிக்குக் குளியலறையையும், தாமே கம்பிச்சுருளால் அமைத்த கருவியையும் பயன்படுத்தினார். ஒரு நாடாவில் பதிந்ததை மற்றொன்றுக்கு மாற்றும்போதே புதிய ஒலிகளைச் சேர்த்தார். 1964-ல் ஹனிகோம்ஸ் என்னும் ராக் குழுவினரை மாடிப்படியில் காலால் மிதிக்கச் செய்து, சைக்கிள் கிளிப்பினால் கைப்பிடியில் மாட்டிய மைக்குகளில் அத்தாளத்தைப் பதிந்தார். வறுமை காட்டிய வழியே புதுமையாயிற்று.

1962 ஜூலை 10-ல் டெல்ஸ்டார் என்னும் செய்தித் துணைக்கோள் வானேறியது. அதன் பெயரால் மீக் அமைத்த மெட்டை டொர்னாடோஸ் குழுவினர் அம்மாடியிலேயே வாசித்தனர். அவ்வாண்டு டிசம்பரில் அது அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. பிரிட்டிஷ் ராக் குழு ஒன்றுக்கு அங்கே அப்பெருமை கிட்டியது அதுவே முதன்முறை.

எனினும் பலன் கைக்கு எட்டிற்றில்லை. மெட்டு தம்முடையதென்று பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒருவர் வழக்கிட, வருமானம் தடைப்பட்டது. ஆணும் ஆணும் கூடுதலைக் குற்றமெனக் கொண்ட அக்காலச் சட்டத்தின் நிழலில் 1963-ல் அபராதமும் அவமானமும் வந்து சேர்ந்தன. ஒலியை ஆராய்ந்த அதே மனிதர் யந்திரத்தை இடுகாட்டில் வைத்து ஆவிகளின் குரலையும் தேடினார். அறிவும் மூடநம்பிக்கையும் ஒரே தலையில் குடியிருக்கக்கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. 1967 பிப்ரவரி 3-ல் வீட்டுக்கார அம்மையாரைச் சுட்டுக்கொன்று தம்மையும் சுட்டுக்கொண்டார். அக்கொலைக்கு நாம் சமாதானம் கூறோம். வழக்கு அவர் பக்கம் தீர்ந்தது அதன் பின்னரே. அவ்வாண்டு ஜூலையில் சட்டமும் தளர்ந்தது.

இன்று இளைஞர் பலர் ஒரு கணிப்பொறியும் ஒரு மைக்கும் கொண்டு தம் அறையிலேயே பாட்டுப் பதிகின்றனர். திறமைக்கு மாளிகை வேண்டுவதில்லை என்பதை அம்மாடி முன்னரே மெய்ப்பித்தது. ஆயின் உழைத்தவன் கண்மூடிய பின் வந்து சேரும் கூலியை நீதியென்று நாம் ஒப்புதல் இயலாது.