புதுவயலும் வான்வழித் தொலைக்காட்சியும்: கட்டணத்தினின்று கட்டணமின்மைக்கு

1. முன்னுரை

ஓர் ஊரின் வரலாறு கல்வெட்டுகளாலும் செப்பேடுகளாலும் மட்டும் அறியப்படுவதன்று. ஊர் மக்கள் எதற்குப் பொருள் கொடுத்தனர், எதனைப் பொருள் கொடாமலே பெற்றனர் என்னும் கணக்கும் வரலாற்றுச் சான்றேயாகும். வரவு செலவுக் கணக்கைப் பிறழாது எழுதி, ஐந்தொகை கட்டிப் பார்க்கும் வழக்கத்திற்குப் பெயர்பெற்ற செட்டிநாட்டில் இவ்வுண்மையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடியை அடுத்துள்ள புதுவயல் நகரத்தார் ஊர்களுள் ஒன்று. அரிசி ஆலைகளால் பெயர்பெற்ற பேரூர். நகரத்தாரின் நெடிய வீடுகளும், ஆலைகளில் நாட்கூலிக்கு உழைப்பாரின் சிறு வீடுகளும் அருகருகே அமைந்த ஊர் அது. இவ்விருவகை வீடுகளின் கூரைமீதும் ஒரே வானத்தினின்று ஒளிபரப்பு இறங்குகின்றது. அதனைக் கட்டணம் செலுத்திப் பெறும் முறை எவ்வாறு வந்தது, அம்முறையை விட்டுக் கட்டணமில்லா முறைக்கு மாறுதல் எதனால் நேர்ந்தது, அம்மாற்றத்தால் தமிழ் பெறுவதும் இழப்பதும் யாவை என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். புதுவயலை நிலைக்களனாகக் கொண்டு, தமிழகம் தழுவிய செய்திகளை யாம் ஈண்டுத் தொகுத்துக் காண்கின்றோம்.

2. சொல்லும் பொருளும்

'கட்டணமில்லா ஒளிபரப்பு' என்னும் தொடர் மூவகைப் பொருளில் வழங்குகின்றது. வானில் பூட்டின்றி விடப்படும் அலையை ஏற்பிக் கருவி உடையார் எவரும் பெறுதல் ஒன்று. அரசு தன் பொருளைச் செலவிட்டு மக்களுக்கு அளித்தல் மற்றொன்று. காண்பார் கொடாத விலையை விளம்பரம் செய்வார் கொடுத்தல் பிறிதொன்று. இம்மூன்றையும் ஒன்றாக மயங்கக் கொள்வதனாலேயே 'இலவசம்' என்னும் சொல்லைப் பற்றிய வழக்குகள் பலவும் எழுகின்றன. 2011-க்குப் பின் தமிழக அரசு தன் நலத்திட்டப் பொருள்களுக்கு 'விலையில்லா' என்னும் அடையை வழங்கலாயிற்று. விலை இல்லை என்பது பெறுவார் நோக்கில் உண்மையே; ஆயினும், கொடுப்பார் ஒருவர் எங்கோ இருத்தல் வேண்டும் என்பதை மறத்தலாகாது.

3. முதற் காலம்: திறந்த வானம்

வானலை தொடக்கத்தில் முற்றிலும் கட்டணமற்றதாய் இருந்தது என்று கருதுவார் உளர். அக்கருத்துப் பொருந்துவதன்று. வானொலிப் பெட்டி வைத்திருந்தோர் அதற்கு உரிமம் பெற்று, ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் பணம் செலுத்த வேண்டியிருந்தது. தொலைக்காட்சிப் பெட்டிக்கும் அத்தகைய உரிமம் இருந்தது. 1980-களின் நடுப்பகுதியில் இம்முறை கைவிடப்பட்டது. உரிமக் கட்டணம் இருந்த காலத்திலும் ஊராட்சி வானொலியைச் சுற்றி அமர்ந்து கேட்டோர் தனித்தனியே காசு கொடுத்திலர். பொதுவிடத்துக் கேள்வி என்னும் மரபு ஆண்டே வேரூன்றியது.

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15-இல் தில்லியில் தொடங்கிற்று. சென்னை நிலையம் 1975 ஆகஸ்டு 15-இல் தோன்றியது. ஆயினும், சென்னைக்கு 300 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள செட்டிநாட்டிற்கு அந்நிலையத்தின் அலைகள் எட்டவில்லை. ஈண்டு ஒரு செய்தி கருதத்தக்கது. இலங்கையில் ரூபவாகினி 1982 பிப்ரவரி 15-இல் ஒளிபரப்பைத் தொடங்கியபோது, பாக்கு நீரிணையை ஒட்டிய தமிழக ஊர்களில் உயர்ந்த கம்பங்களில் ஆண்டெனாக் கட்டி அதனைக் கண்டனர். இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு முன்னரே இப்பகுதிகளில் பெரிதும் கேட்கப்பட்டு வந்தது. தலைநகரின் அலை வந்து சேருமுன் அயல்நாட்டின் அலை வந்து சேர்ந்தமை தென்கடலோரத் தொலைக்காட்சி வரலாற்றின் தனிச்சிறப்பாகும். அரசியல் எல்லையையோ கட்டணத்தையோ அவ்வலை அறிந்திலது.

1983-இல் இன்சாட்-1பி செயற்கைக்கோள் ஏவப்பட்ட பின்னர்த் தூர்தர்ஷனின் அஞ்சல் நிலையங்கள் நாடெங்கும் பெருகின. 1980-களின் பிற்பகுதியில் கொடைக்கானல் மலைமீது அமைந்த உயர்திறன் நிலையம் தென்மாவட்டங்களுக்குத் தமிழ் ஒளிபரப்பைக் கொணர்ந்தது. இக்காலத்தில் ஆண்டெனாவும் பெட்டியும் வாங்கினோர்க்கு மாதச் செலவு என்பது மின்கட்டணம் ஒன்றே.

4. இரண்டாங் காலம்: கம்பியும் மாதக் கட்டணமும்

1991-இல் ஸ்டார் தொலைக்காட்சியும் 1992-இல் ஜீ தொலைக்காட்சியும் செயற்கைக்கோள் வழியே இந்தியாவில் புகுந்தன. தமிழில் சன் தொலைக்காட்சி 1993 ஏப்ரல் 14-இல் தோன்றியது. பெரிய குடை ஆண்டெனாவால் அலையை ஏற்று, தெருத்தெருவாகக் கம்பியிழுத்து வீடுகளுக்கு வழங்கும் 'கேபிள்காரர்' என்னும் புதிய தொழிலினர் ஒவ்வோர் ஊரிலும் தோன்றினர். மாதந்தோறும் வாயிலில் வந்து பணம் பெறுதல் வழக்காயிற்று. 1995-ஆம் ஆண்டுக் கேபிள் தொலைக்காட்சி வலையமைப்புச் சட்டம் இத்தொழிலை நெறிப்படுத்தியது. அவ்வாண்டு பிப்ரவரியில், வானலைகள் பொதுச் சொத்தே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அலை பொதுச் சொத்தாயினும் அதிற் செல்லும் நிகழ்ச்சி தனியார் பொருளாயிற்று. இம்முரணே பின்வந்த வழக்குகள் அனைத்திற்கும் அடிப்படை என்பது எம் துணிபு.

2003 செப்டம்பர் 1-இல் சென்னையில் நடைமுறைக்கு வந்த கட்டுப்பாட்டு அணுகல் முறை, கட்டண அலைவரிசைகளையும் கட்டணமில்லா அலைவரிசைகளையும் வெளிப்படையாகப் பிரித்தது. காண்போர் தாம் எதற்கு விலை கொடுக்கின்றனர் என்பதை முதன்முதலாக அறிந்தது அப்பொழுதே எனலாம்.

தமிழக அரசு இத்துறையில் இருமுறை தலையிட்டது. 2006 செப்டம்பர் 15-இல் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டுக் கோடிக்கு மேற்பட்ட குடும்பங்கள் பெட்டி பெற்றன. பெட்டி விலையின்றி வந்தது. காட்சிக்கோ மாதந்தோறும் பணம் வேண்டியிருந்தது. இக்குறையை நீக்கும் முயற்சியே அரசு கேபிள் டி.வி. கழகம். 2007-இல் நிறுவப்பட்ட அக்கழகம், 2011 செப்டம்பர் 2 முதல் புத்துயிர் பெற்று, மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு வழங்கியது. தொடக்கத்தில் முன்னணிக் கட்டண அலைவரிசைகள் சில அதில் இடம்பெறவில்லை. குறைந்த விலைக்கு மக்கள் விரும்பிய காட்சியும் உடன் கிடைத்தல் எளிதன்று என்பதற்கு இது சான்று.

5. மூன்றாங் காலம்: கட்டணத்தை விடுதல்

தூர்தர்ஷன் 2004 டிசம்பர் 16-இல் 'டிடி டைரக்ட் பிளஸ்' என்னும் பெயரில், 33 அலைவரிசைகளுடன், மாதக் கட்டணமற்ற நேரடி வீட்டுச் சேவையைத் தொடங்கியது. 2014-இல் அது 'டிடி ஃப்ரீ டிஷ்' எனப் பெயர் மாறியது. கருவிக்கு ஒருமுறை செலவிட்டபின் மாதக் கட்டணம் இல்லை. கட்டணச் சேவையில் அலை பூட்டப்பட்டு, பணம் செலுத்தியோரின் பெட்டியில் மட்டும் திறக்கப்படுகின்றது. ஃப்ரீ டிஷ் சேவையில் அவ்வாறு சந்தாவால் திறக்கும் பூட்டு இல்லை.

ஃப்ரீ டிஷ் அலைகளை விடுக்கும் செயற்கைக்கோள் கிழக்கு நெட்டாங்கு 93.5 பாகையில் நிற்கின்றது. புதுவயலில் நின்று நோக்குவார்க்கு அது தென்கிழக்குத் திசையில், அடிவானத்தினின்று ஏறத்தாழ 69 பாகை உயரத்தில் உள்ளது. ஆதலின் செட்டிநாட்டு நெடுவீடுகளின் சுவர்களும் அண்டை மாடங்களும் அதனை எளிதில் மறைப்பதில்லை. சன் டைரக்ட் என்னும் கட்டணச் சேவையும் வானில் இவ்விடத்தையே பயன்படுத்தி வந்துள்ளது. ஒரே திசையை நோக்கும் இரண்டு குடைகளுள் ஒன்று மாதந்தோறும் பணம் கேட்பது, மற்றொன்று கேளாதது என்னும் நிலை இங்ஙனம் உண்டாயிற்று. வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது இரண்டும் ஒருங்கே மங்கும்.

மாற்றத்தை விரைவுபடுத்தியது 2019 பிப்ரவரி 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய கட்டண ஆணையாகும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 100 அலைவரிசைகளுக்கு வலையமைப்புக் கட்டணமாக 130 ரூபாயை மேல்வரம்பாக விதித்தது. அதன்மேல் 18 விழுக்காட்டு வரி சேர்ந்து 153 ரூபாய் 40 காசாயிற்று. ஆண்டிற்கு 1,840 ரூபாய் 80 காசு. கட்டணமில்லா அலைவரிசைகளை மட்டும் காண்போரும் அன்று இத்தொகையைச் செலுத்த நேர்ந்தது என்பது கருதற்பாலது. சன் தொலைக்காட்சி வேண்டுமாயின் மேலும் 19 ரூபாயும் வரியும் அப்பொழுது வேண்டியிருந்தன. விருப்பத்தைத் தெரிவிக்கும் உரிமை வந்தது உண்மையே. ஆயின் அவ்வுரிமை ஒவ்வொரு குடும்பத்தையும் கணக்கெழுதச் செய்தது. கணக்கெழுதினோர் சிலர் கட்டணத்தையே நீக்கினர்.

ஆணையத்தின் கணக்குப்படி, கட்டண நேரடிச் சேவையின் சந்தாதாரர் 2020-ஆம் ஆண்டின் இறுதியில் ஏறத்தாழ 7.1 கோடியர், 2024 மார்ச்சில் ஏறத்தாழ 6.2 கோடியர். ஃப்ரீ டிஷ் வீடுகள் 2018-இல் 3.3 கோடியாகவும் 2024-இல் 4.9 கோடியாகவும் மதிப்பிடப்பட்டன. கட்டணத்தை விட்டோர் அனைவரும் வறியோரே என்பார் கூற்றை யாம் ஏற்கவில்லை. 2016-க்குப் பின் கைப்பேசி இணையம் மலிந்தமையால் வசதியுடையாருள்ளும் பலர் குடையைக் கைவிட்டனர். வறியோர் கட்டணமில்லாக் குடைக்கும், வசதியுடையோர் இணையத்திற்கும் சென்றதனால் இடையிலிருந்த கட்டணச் சேவை இருபுறமும் தேய்ந்தது என்பதே பொருத்தமாகும்.

6. மொழியின் நிலை

தமிழ் ஆராய்ச்சியாளர் நோக்கத்தக்க செய்தி இனித்தான் உள்ளது. ஃப்ரீ டிஷ் சேவையில் தனியார்க்குரிய இடங்கள் ஏலத்தில் விடப்படுகின்றன. அவ்வேலத்தில் மிகுதியாக முந்துவன இந்தி அலைவரிசைகளே. தமிழ் அலைவரிசைகள் மிகச் சில. 1993-இல் தோன்றி, 2000-இல் 'பொதிகை' எனப் பெயர்பெற்று, 2024 ஜனவரியில் 'டிடி தமிழ்' எனப் பெயர்மாறிய தூர்தர்ஷன் அலைவரிசையே அங்குத் தமிழுக்கு உறுதியான இடம். ஆகவே, வடபுலத்தில் கட்டணத்தை விடும் குடும்பம் தன் மொழியில் பல காட்சிகளைப் பெறுகின்றது. புதுவயலில் கட்டணத்தை விடும் ஆலைத் தொழிலாளியின் குடும்பமோ தன் மொழிக் காட்சிகளிற் பெரும்பகுதியை இழக்கின்றது. கட்டணமின்மைக்கு அக்குடும்பம் கொடுக்கும் விலை மொழியே என்க.

இந்திக்குங்கூட அவ்விடம் நிலையானதன்று. பெருநிறுவனங்கள் தம் அலைவரிசைகளை 2019 மார்ச்சில் ஃப்ரீ டிஷ் சேவையினின்று விலக்கின, 2020-இல் மீண்டன, 2022 ஏப்ரலில் மீண்டும் விலகின. விளம்பரத்தால் வரும் இலவசம் விளம்பரம் செய்வார் விருப்பத்திற்குட்பட்டது என்பதை இந்நிகழ்ச்சிகள் காட்டுகின்றன.

மாற்றுவழிகள் இல்லாமல் இல்லை. தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டு 26-இல் தொடங்கிற்று. பள்ளிகள் மூடிக்கிடந்த 2020-இல் அதன் பயன் நன்கு விளங்கியது. பிரசார் பாரதியின் 'வேவ்ஸ்' இணையத்தளம் 2024 நவம்பரில் வந்தது. ஆயினும் இணையத்திற்கும் மாதச் செலவு உண்டாதலின், அது கட்டணமின்மை ஆகாது.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். வான்வழி ஒளிபரப்புக் கட்டணத்தினின்று கட்டணமின்மைக்குத் திரும்புதல் புதுமையன்று. திறந்த வானமே இப்பகுதியின் முதல் அனுபவம். கட்டணமின்மை என்பது விலையின்மை அன்று. அரசோ விளம்பரமோ மொழியோ அவ்விலையைச் செலுத்துகின்றது. தமிழ்க் குடும்பங்கள் தம் மொழியை இழவாமல் கட்டணத்தை விட வேண்டுமாயின், பொதுவானத்தில் தமிழுக்குரிய இடங்கள் ஏலத்தின் விலையால் மட்டும் முடிவு செய்யப்படுதல் கூடாது.

வானலை பொதுச் சொத்து என்பது 1995-இல் நிலைநாட்டப்பட்டது. அச்சொத்தின் ஐந்தொகையில் தமிழ் பேசும் ஏழைக் குடும்பத்தின் பங்கு எவ்வளவு என்பது இன்னும் எழுதப்பெறவில்லை. அதனை எழுதுதல் ஆட்சியாளர் கடனாகும். எழுதுமாறு கேட்டல் தமிழறிந்தார் கடனாகும்.