திருடனுக்கு போட்ட பூட்டு நமக்கே எமன் ஆகலாமா? வீடு, கடை வைத்திருப்போர் தெரிந்துகொள்ள வேண்டியவை

ராத்திரி 10 மணி ஆச்சுன்னா எல்லா வீட்டிலும் ஒரே வேலைதான். முன் கேட்டுக்கு ஒரு பூட்டு. கிரில் கதவுக்கு ஒரு பூட்டு. மரக்கதவுக்கு தாழ்ப்பாள். கொல்லைக் கதவுக்கு குறுக்குக் கட்டை. கடைசியில் சாவிக்கொத்து பீரோவுக்குள் போய்விடும்.

திருட்டு பயம் அப்படி. பூட்டிய வீட்டில் மர்ம ஆசாமிகள் கைவரிசை என்று தினமும் செய்தி வருகிறது. அதனால் பூட்டு மேல் பூட்டு போடுகிறோம். கண்காணிப்பு கேமரா, விரல் ரேகை பூட்டு, சைரன் பெட்டி என்று புதுசு புதுசாக வாங்கி மாட்டுகிறோம். தப்பே இல்லை.

ஆனால் ஒரு கேள்வி. நடு ராத்திரி வீட்டுக்குள் தீ பிடித்து புகை மண்டுகிறது. கரண்டும் போச்சு. அந்த நேரத்தில் பீரோவை திறந்து, சாவியை தேடி, மூன்று பூட்டை திறந்து வெளியே வர முடியுமா? வீட்டில் பாட்டி, கைக்குழந்தை இருந்தால் அவங்க கதி என்ன?

திருடன் உள்ளே வரக்கூடாது. அதே சமயம் ஆபத்து வந்தால் நாம் சட்டென்று வெளியே வரணும். இந்த இரண்டுக்கும் சேர்த்துத்தான் பாதுகாப்பு செய்யணும். அதற்கான விவரங்கள் இதோ:-

மறக்க முடியாத பாடங்கள்

2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநல காப்பகம் ஒன்றில் தீ பிடித்தது. நோயாளிகள் ஓடிவிடக் கூடாது என்று சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். அவிழ்த்துவிட ஆள் இல்லாமல் 28 பேர் கருகி இறந்தார்கள்.

2004-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் பள்ளிக்கூட கூரை தீப்பற்றியதில் 94 பிஞ்சுக் குழந்தைகள் பலியானார்கள். சத்துணவு சமைத்த இடத்தில் இருந்து தீ கூரைக்கு பரவியது. மாடியில் இருந்து இறங்க இருந்ததோ குறுகலான படிக்கட்டு. நாடே கதறி அழுத நாள் அது.

1997-ம் ஆண்டு ஜூன் 13-ந் தேதி டெல்லி உபகார் தியேட்டரில் படம் ஓடும்போது புகை சூழ்ந்தது. பால்கனியில் கூடுதலாக இருக்கை போட்டு வழியை அடைத்திருந்தார்கள். கதவும் திறக்க முடியவில்லை. 59 பேர் மூச்சு முட்டி இறந்தார்கள்.

2022-ம் ஆண்டு மார்ச் மாதம் செகந்திராபாத்தில் பழைய பொருள் குடோன் ஒன்றில் தீப்பிடித்தது. மாடியில் தூங்கிக்கொண்டிருந்த பீகார் தொழிலாளர்கள் 11 பேர் வழி தெரியாமல் பலியானார்கள்.

அதே மாதம் வேலூரில் சார்ஜ் போட்டிருந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பிடித்தது. புகையில் மூச்சு திணறி அப்பாவும் மகளும் பரிதாபமாக உயிரிழந்தார்கள்.

இந்த ஐந்து சம்பவங்களிலும் தீ பிடித்த காரணம் வேறு வேறு. உயிர் போன காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். வெளியே வர வழி இல்லை, அல்லது வழிக்கு போய்ச் சேர நேரம் இல்லை.

தீயை விட புகைதான் முதல் எமன்

தீ விபத்தில் இறப்பவர்களில் பலர் உடம்பில் தீ படுவதற்கு முன்பே புகையில் மயங்கி விடுகிறார்கள். பிளாஸ்டிக், பஞ்சு மெத்தை, சோபா எரிந்தால் வரும் புகையில் விஷ வாயு இருக்கும். நாலு மூச்சு இழுத்தால் தலை சுற்றும். கண் தெரியாது.

புகை மேலே போகும். தரையோரம் கொஞ்சம் நல்ல காற்று இருக்கும். அதனால் நிமிர்ந்து ஓடக் கூடாது. ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு, குனிந்து அல்லது தவழ்ந்து வரணும்.

மூடிய கதவை திறப்பதற்கு முன் புறங்கையால் தொட்டுப் பாருங்க. சுட்டால் அந்தப் பக்கம் தீ இருக்கு, திறக்காதீங்க. கதவிடுக்கில் ஈரத் துணியை அடைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் நின்று சத்தம் போடணும்.

மாடி வீடு, ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை எங்கே இருந்தாலும் தீ பிடித்தால் லிப்டில் ஏறவே கூடாது. 2024-ம் ஆண்டு டிசம்பரில் திண்டுக்கல்லில் தனியார் ஆஸ்பத்திரி தீப்பிடித்தபோது லிப்டுக்குள் சிக்கியவர்கள் உயிரிழந்தது ஞாபகம் இருக்கும். படிக்கட்டுதான் ஒரே வழி.

பூட்டும் சாவியும்

பூட்டு என்றாலே நமக்கு திண்டுக்கல்தான். கையால் செய்யும் அந்த பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இப்போது மார்க்கெட்டில் நம்பர் பூட்டு, விரல் ரேகை பூட்டு, செல்போனில் திறக்கும் பூட்டு என்று விதவிதமாக வந்துவிட்டது. எதை வாங்கினாலும் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, "உள்ளே இருந்து சாவி இல்லாமல் திறக்க முடியுமா?" என்பதுதான்.

* ராத்திரி கேட்டுக்கு பூட்டு போட்டால் சாவியை பீரோவில் வைக்காதீங்க. கதவுக்கு பக்கத்தில், ஜன்னல் வழியாக கைக்கு எட்டாத இடத்தில் ஒரு ஆணியில் மாட்டுங்க. வீட்டில் உள்ள எல்லாருக்கும், பிள்ளைகளுக்கும் அந்த இடம் தெரியணும்.

* எல்லா ஜன்னலிலும் கம்பி வைத்து வெல்டு அடித்துவிடுகிறோம். வீட்டில் ஒரு ஜன்னலிலாவது உள்ளே இருந்து திறக்கிற மாதிரி கிரில் வையுங்க. மாடி பால்கனி கிரில்லுக்கும் இதேதான்.

* விரல் ரேகை பூட்டை நம்பி மட்டும் இருக்காதீங்க. சிமெண்டு, செங்கல் வேலை செய்றவங்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும். ரேஷன் கடையிலேயே ரேகை விழாமல் திண்டாடுகிறோமே! அதனால் சாவி போட்டும் திறக்கிற மாடலை வாங்குங்க. அந்த சாவியை நம்பிக்கையான பக்கத்து வீட்டிலோ, சொந்தக்காரர் வீட்டிலோ கொடுத்து வையுங்க. பேட்டரி தீரும்போது பூட்டு சத்தம் கொடுக்கும், அன்றே மாற்றணும்.

* ஆபீஸ், ஆஸ்பத்திரிகளில் கண்ணாடிக் கதவுக்கு கரண்டில் ஓடும் காந்தப் பூட்டு இருக்கும். இதில் கரண்ட் போனால் கதவு தானாக விடுபடும். வேறு சில மின்சாரப் பூட்டுகள் கரண்ட் போனாலும் பூட்டியே இருக்கும். ஆள் வெளியேறும் கதவுக்கு முதல் வகைதான் சரி. கதவு பக்கத்தில் அவசரத்துக்கு திறக்கும் பட்டன் இருக்கா என்று அங்கே வேலை பார்ப்பவர்கள் இன்றைக்கே பார்த்துக்கொள்ளுங்க.

கடைக்காரர்கள் கவனிக்க

கடைக்குள் பையன்களை தூங்க வைத்து, வெளியே ஷட்டரை பூட்டிக்கொண்டு போகும் பழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கு. இது கூடவே கூடாது. உள்ளே தூங்கும் ஆளுக்கு உயிர் போகிற விஷயம். சரக்கை காப்பாற்ற ஆள் வேண்டுமானால், அவர் கையில் சாவியும், உள்ளே இருந்து திறக்கும் வழியும் இருக்கணும்.

மோட்டார் வைத்த ஷட்டர் போட்டிருப்பவர்கள், கரண்ட் இல்லாதபோது கையால் தூக்குவது எப்படி என்று எல்லா ஊழியர்களுக்கும் செய்து காட்டணும். அதற்கான சங்கிலி, கைப்பிடி எங்கே இருக்கு என்று முதலாளிக்கு மட்டும் தெரிந்து பிரயோஜனம் இல்லை.

பின்பக்க வழியில் அட்டைப்பெட்டி, சாக்கு மூட்டை அடுக்குவதும் ஆபத்து. தீபாவளி, பொங்கல் சமயத்தில்தான் சரக்கு அதிகம் வரும், கூட்டமும் அதிகம் வரும்.

கேமரா என்ன செய்யும், என்ன செய்யாது?

சென்னையில் 2017-க்கு பிறகு போலீசார் "மூன்றாவது கண்" என்ற பெயரில் தெருத்தெருவாக கேமரா வைக்க வைத்தார்கள். இன்று சின்ன மளிகைக் கடையிலும் கேமரா இருக்கு. திருடனை அடையாளம் காண இது பெரிய உதவி. ஆனால் கேமரா படம் பிடிக்கும், ஓடி வந்து பிடிக்காது.

* படம் பதிவாகும் பெட்டியை கல்லா பக்கத்தில் வைத்தால் திருடன் அதையும் சேர்த்து தூக்கிக்கொண்டு போய்விடுவான். மறைவான இடத்தில் பூட்டி வையுங்க.

* கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை அப்படியே விட்டால், உங்க வீட்டு கேமராவை யாரோ ஒருத்தன் எங்கோ உட்கார்ந்து பார்க்கலாம். வாங்கிய அன்றே மாற்றணும். இந்தியாவில் விற்கும் கேமராக்களுக்கு 2025-ம் ஆண்டு ஏப்ரல் முதல் இந்த மாதிரி ஓட்டைகள் இருக்கா என்ற அரசு சோதனை கட்டாயம் ஆகிவிட்டது. பில் இல்லாத மலிவு சரக்கை தவிர்ப்பது நல்லது.

* பெட்டி நிரம்பினால் பழைய படம் தானாக அழியும். ஏதாவது நடந்தால் தாமதிக்காமல் போலீசுக்கு எடுத்துக் கொடுக்கணும். பெட்டியில் தேதியும் நேரமும் சரியாக ஓடுகிறதா என்றும் பாருங்க.

* பக்கத்து வீட்டு வாசல், குளியலறை பக்கம் கேமராவை திருப்பி வைக்காதீங்க. அது வம்பில் முடியும்.

அலாரம் மூன்று வகை

திருட்டு அலாரம்: கதவு திறந்தால் சைரன் ஒலிக்கும். சிலவற்றில் சிம் கார்டு போட்டால் உங்க செல்லுக்கு போன் வரும். சிம்முக்கு ரீசார்ஜ் பண்ணாமல் விட்டால் பெட்டி ஊமையாகிவிடும்.

புகை அலாரம்: புகை மேலே போவதால் இதை கூரையில் மாட்டணும். அடுப்புக்கு மேலேயோ, சாம்பிராணி போடும் இடத்திலோ வைத்தால் சும்மா சும்மா கத்தும். ஹாலிலும், படுக்கும் அறைக்கு வெளியிலும் மாட்டலாம். மாதம் ஒரு முறை பட்டனை அழுத்தி சோதிக்கணும்.

கேஸ் அலாரம்: சமையல் கேஸ் காற்றை விட கனமானது, தரையோரம் தேங்கும். அதனால் இந்த அலாரத்தை கீழே, தரைக்கு பக்கத்தில் வைக்கணும். கேஸ் நாற்றம் வந்தால் லைட் சுவிட்சை போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலை திறந்துவிட்டு வெளியே போய் போன் செய்யணும்.

தீயணைப்பு கருவி

சிவப்பு சிலிண்டர் பல கடைகளில் சும்மா தொங்குகிறது. அதில் உள்ள முள் பச்சை நிறத்தில் இருந்தால்தான் வேலை செய்யும். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்க. வருஷத்துக்கு ஒரு தடவை சரிபார்க்கணும்.

பயன்படுத்தும் முறை சுலபம். ஊசியை இழுங்க. குழாயை தீயின் அடிப்பாகத்துக்கு நேராக பிடிங்க. கைப்பிடியை அழுத்துங்க. இடதும் வலதுமாக வீசுங்க. எப்போதும் வாசல் உங்க முதுகுப் பக்கம் இருக்கணும். சிலிண்டர் தீர்ந்தும் தீ அணையலேன்னா அங்கே நிற்காதீங்க.

கரண்ட் தீயிலும், எண்ணெய்ச் சட்டி தீயிலும் தண்ணி ஊற்றவே கூடாது. எண்ணெய்ச் சட்டி பற்றினால் அடுப்பை அணைத்து, தட்டு போட்டு மூடினால் போதும்.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர், இன்வெர்ட்டர் பேட்டரியை வாசல் வழியிலும், படிக்கட்டுக்கு அடியிலும் வைத்து சார்ஜ் போடாதீங்க. தீ பிடித்தால் வெளியே வரும் வழியே அடைபட்டுப் போகும். தூங்கும் நேரத்தில் சார்ஜ் போடுவதையும் தவிர்க்கணும்.

அவசரப் பை

மழை வெள்ளம், புயல் நேரத்துக்கு ஒரு பை தயாராக இருக்கட்டும். 2015 வெள்ளத்தில் சென்னை, கடலூர் மக்கள் பலர் ரேஷன் கார்டு, பட்டா, பள்ளிச் சான்றிதழ் எல்லாத்தையும் தண்ணீரில் விட்டுவிட்டு அலைந்தார்கள்.

பையில் வைக்க வேண்டியவை: பிளாஸ்டிக் கவரில் ஆவணங்கள், டார்ச் லைட், மருந்து மாத்திரை, கொஞ்சம் ரொக்கம், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், பிஸ்கட், குடிதண்ணீர், முக்கிய போன் நம்பர்கள் எழுதிய தாள். செல் செத்துப்போனால் பொண்டாட்டி நம்பர் கூட நமக்கு ஞாபகம் வராதே!

தண்ணீர் வீட்டுக்குள் ஏறத் தொடங்கினால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மேல் தளத்துக்கு போகணும். சுவிட்ச் பெட்டி தண்ணிக்குள் போய்விட்டால் கை வைக்காதீங்க.

2023-ம் ஆண்டு அக்டோபரில் தமிழ்நாட்டில் பலரது செல்போன் திடீர்னு அலறியது ஞாபகம் இருக்கா? அது பேரிடர் எச்சரிக்கைக்கான சோதனை. இனி அப்படி செய்தி வந்தால் பயப்படாமல் படித்துப் பார்த்து நடக்கணும்.

சுவரில் எழுதி ஒட்ட வேண்டிய எண்கள்

* எல்லா அவசரத்துக்கும் - 112
* போலீஸ் - 100
* தீயணைப்பு - 101
* ஆம்புலன்ஸ் - 108
* மாவட்ட பேரிடர் கட்டுப்பாட்டு அறை - 1077
* மாநில பேரிடர் கட்டுப்பாட்டு அறை - 1070
* சமையல் கேஸ் கசிவு - 1906
* பெண்கள் உதவி - 181
* குழந்தைகள் உதவி - 1098
* நடுக்கடலில் மீனவர்கள் (கடலோர காவல்படை) - 1554

செல் பூட்டியிருந்தாலும் 112-க்கு பேசலாம். போன் செய்தால் முதலில் இடத்தை சொல்லுங்க. தெரு, பக்கத்தில் உள்ள கோவில் அல்லது கடை, தீயணைப்பு வண்டி உள்ளே வரும் அளவுக்கு தெரு அகலமா என்பதையும் சொல்லணும். அவர்கள் வைக்கச் சொல்லும் வரை போனை வைக்காதீங்க.

வெளியூர் போகும்போது உள்ளூர் போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவிட்டு போனால் ரோந்து வரும்போது ஒரு பார்வை பார்ப்பார்கள். இதற்கு பணம் கிடையாது. நகையை வீட்டில் வைக்காமல் பேங்க் லாக்கரில் வைக்கலாம்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி பம்பாய் துறைமுக வெடி விபத்தில் உயிர் தந்த தீயணைப்பு வீரர்கள் நினைவாக இது நடக்கிறது. அந்த வாரத்தில் பஸ் நிலையம், பள்ளிகளில் தீயணைப்பு துறையினர் இலவசமாக செயல்விளக்கம் காட்டுவார்கள். பிள்ளைகளை கூட்டிக்கொண்டு போய் பாருங்க.

அதுவரை காத்திருக்காமல் இன்று ராத்திரியே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். படுக்கும் முன் லைட்டை எல்லாம் அணைத்துவிட்டு, வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் இருட்டில் சாவியை எடுத்து கதவை திறந்து வெளியே வர எத்தனை நேரம் ஆகிறது என்று எண்ணிப் பாருங்க. ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனால் சாவி இருக்கும் இடத்தை மாற்றுங்க.