காலி தோட்டாவின் கழுத்தை மட்டும் இறுக்கும் 'நெக் டை': எதை வாங்கலாம், யாருக்கு வேண்டாம்?

அமெரிக்காவில் இலக்கு சுடும் போட்டியாளர்களும் வேட்டைக்காரர்களும் பலர், சுட்டபின் விழும் காலி தோட்டாவைத் தூக்கிப் போடுவதில்லை. பித்தளைக் கூட்டை அளவுக்குக் கொண்டுவந்து, புது பிரைமர், வெடிமருந்து, புல்லட் வைத்து மறுபடியும் பயன்படுத்துகிறார்கள். இதுதான் 'ரீலோடிங்'. (இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம்.)

ஏன் கழுத்து மட்டும்?

சுடும்போது கூடு விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டும். அந்தத் துப்பாக்கிக்கே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி ஆகிவிடும். 'ஃபுல் லெங்த் டை' கூடு முழுவதையும் நெருக்கி அந்த அளவைக் கலைத்துவிடும். நெக் டை, புல்லட்டைப் பிடிக்கும் கழுத்தை மட்டும் இறுக்கும். பித்தளைக்கு அலைச்சல் குறைவு, ஆயுள் கூடுதல்.

சரி, எதை வாங்குறது?

மூன்று வகை உண்டு. சாதாரண டை, கழுத்தைத் தேவைக்கு மேல் நெருக்கி, பிறகு உள்ளே ஒரு உருண்டையை இழுத்து விரிக்கும். விலை குறைவு, ஆனால் அந்த இழுப்பில் கழுத்து கோணலாக வாய்ப்பிருக்கிறது.

புஷிங் டையில் உள்ளிருக்கும் வளையத்தை மாற்றலாம். வளையங்கள் 0.001 அங்குல வித்தியாசத்தில் கிடைக்கும். இங்கே கணக்கு முக்கியம். .308 வின்செஸ்டரில் புல்லட் 0.308 அங்குலம். கழுத்துச் சுவர் 0.014 என்றால், இரண்டு பக்கமும் சேர்த்து வெளி விட்டம் 0.336. அதிலிருந்து 0.002 கழித்து 0.334 வளையம் வாங்குவார்கள். பித்தளை கம்பெனி மாறினால் சுவர்த் தடிமனும் மாறும், மறுபடி அளக்கணும்.

லீ நிறுவனத்தின் காலெட் டை, உள்ளே ஒரு கம்பியை வைத்து வெளியிலிருந்து கழுத்தை அதன்மேல் அமுக்கும். எண்ணெய் தடவத் தேவையில்லை. புதிதாகத் தொடங்குபவருக்கு இதுவே நல்ல தேர்வு. எவ்வளவு அழுத்துவது என்பது மட்டும் கொஞ்சம் கைப்பழக்கம்.

யாருக்கு வேண்டாம்?

செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிக்கு நெக் டை கூடவே கூடாது. கூடு தடையில்லாமல் உள்ளே போகாவிட்டால் போல்ட் முழுசாகப் பூட்டாது; அது ஆபத்து. வேறொரு துப்பாக்கியில் சுட்ட கூட்டுக்கும் உதவாது. ஒரே போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கி என்றாலும், சில முறை சுட்டதும் போல்ட் மூட முரண்டு பிடிக்கும். வேட்டையில் இரண்டாவது தோட்டா அவசரமாகத் தேவைப்படும் நேரத்தில் இது பெரிய தொல்லை. அப்போது ஃபுல் லெங்த் டையில் கூட்டின் தோள்பட்டையை 0.001 அல்லது 0.002 அங்குலம் பின்னுக்குத் தள்ளியே ஆகணும். அதனால்தான் போட்டியாளர்களிலேயே பலர் இப்போது ஒவ்வொரு முறையும் அதையே செய்கிறார்கள்.